கூலரைக் கழட்ட வேண்டாம்

பிப்ரவரி 5

அன்புள்ள உனக்கு,

உன்னை அந்தத் தூரத்துச் சிறைக்கு மாற்றிய பிறகு நான் எழுதிய கடிதங்களெல்லாம் மருந்துச் சீட்டு மாதிரி இருப்பதாகக் குறைப்பட்டுக்கொண்டாய். என்ன செய்வது, காலையிலிருந்து கடை மூடும்வரை கவுண்டருக்குப் பின்னால் நின்று 'சாப்பாட்டுக்கு முன், சாப்பாட்டுக்குப் பின்' என்று எழுதிப் பழகிய கை. இதையாவது நீளமாக எழுதப் பார்க்கிறேன். போன் வேண்டாம், கடிதமே எழுதலாம் என்று நீ சொன்னதும் நல்லதுதான். உன் முறை வந்து போன் மணி அடிக்கும்போதெல்லாம் பாப்பா செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விடுகிறாள். அவள் போன பக்கத்தையே பார்த்துக்கொண்டு நான் உன்னிடம் என்ன பேசினேன் என்று எனக்கே தெரிவதில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். வீட்டில் புதிதாக ஒரு கம்ப்யூட்டர் கட்டியாகிவிட்டது. யார் கட்டியது, எதற்கு என்று கேட்காதே. தன்னைப் பற்றி உனக்கு ஒரு வார்த்தை எழுதக் கூடாது என்பது உன் மகளின் உத்தரவு. அந்த உத்தரவை மீறினால் எனக்கு டீ கிடைக்காது. கம்ப்யூட்டரைப் பற்றி எழுதலாமா என்று கேட்டேன். தோளைக் குலுக்கினாள். அதை நான் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

ஆன் செய்தால் அழகாக ஓடுகிறது. சில நிமிஷத்தில் பட்டென்று அணைந்துவிடுகிறது. திரையில் காட்டுகிற சூடு தொண்ணூற்றைந்தைத் தாண்டுகிறது. எனக்குத் தெரிந்த காய்ச்சலுக்கெல்லாம் மாத்திரை உண்டு, இதற்கு என்ன கொடுப்பது? வேடிக்கை என்னவென்றால், ப்ராசஸரின் தலையில் உட்கார்ந்திருக்கிறதே அந்தப் பெரிய கூலர், அதைத் தொட்டுப் பார்த்தால் சில்லென்று இருக்கிறது. கீழே வேகிறது, மேலே குளிர்கிறது. இத்தனை வருஷம் ரிப்பேர் கடை வைத்திருந்தவள் நீ, உனக்குத் தெரியாததா என்று எழுதுகிறேன்.

இன்னொன்று, பரோல். ஜூனில் உனக்கு ஒரு வாரம் கிடைக்கலாம் என்று அலுவலகத்திலிருந்து ஒருவர் வந்து விசாரித்துவிட்டுப் போனார். வீட்டில் இருக்கும் பெரியவர்கள் எல்லோரும் சம்மதக் கையெழுத்துப் போட வேண்டுமாம். நான் போட்டுவிட்டேன். பாப்பாவுக்கும் பதினெட்டு ஆகிவிட்டதே, அவளும் போட வேண்டும். 'வந்தா வரட்டும். நான் அந்த ஒரு வாரம் சித்தி வீட்டுல இருந்துக்கறேன்' என்றாள். கையெழுத்தும் போடவில்லை. காகிதம் ஃப்ரிட்ஜ் மேல் கிடக்கிறது.

நான் வற்புறுத்தப் போவதில்லை. வேனின் பின்சீட்டில் தூங்கிக்கொண்டிருந்த பிள்ளை அவள். எதன் மேலோ மோதிவிட்டு நிறுத்தாமல் வீட்டுக்கு வந்து, வேனிலேயே அவளை எழுப்பி 'நாய் குறுக்கே வந்துடுச்சு' என்று நீ சொன்னாய். 'ஆமா, நானும் பார்த்தேன், நாய்தான்' என்று போலீசிடம் உனக்காக அவள் சொன்னாள். அன்று அடிபட்டு இறந்துபோன வாட்ச்மேனின் மனைவி கோர்ட்டில் உட்கார்ந்திருக்க, அவர் முகத்துக்கு நேரே அதே பொய்யைத் திரும்பச் சொல்ல முடியாமல் அழுதாள். பள்ளியில் இன்றுவரை அவளைப் பார்த்துக் குரைக்கிறவர்கள் உண்டு. உனக்கு இது வலிக்கும் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். முட்டிவலிக்கு அங்கே ஏதாவது தைலம் கொடுக்கிறார்களா?

பிப்ரவரி 13

என்னங்க,

கடிதம் வந்தது. இங்கே எல்லாவற்றையும் பிரித்துப் படித்துவிட்டுத்தான் தருவார்கள். கடிதம் பார்க்கிற வார்டர் அம்மா, 'உங்க வீட்டு மிஷினுக்குக் காய்ச்சலாமே' என்று சொல்லிக்கொண்டே நீட்டினார்.

யார் கட்டியது என்று நான் ஏன் கேட்கப்போகிறேன்? டார்ச் லைட்டுக்கு பேட்டரி போட்டாலே தலைகீழாகப் போடுகிறவர் நீங்கள். உங்களை விட்டால் அந்த வீட்டில் இன்னொருத்திதானே இருக்கிறாள்.

நான் சொல்கிறபடி செய்யுங்கள். கேபினெட்டின் பக்கத் தகட்டைத் திறந்து ஃபேன் எல்லாம் சுற்றுகிறதா பாருங்கள். சுற்றினால் மட்டும் போதாது, காற்று எந்தப் பக்கம் போகிறது என்று தெரிய வேண்டும். மெல்லிய டிஷ்யூ தாளை ஒவ்வொரு ஃபேனுக்கும் முன்னால் பிடித்துப் பாருங்கள். முன்னால் இருப்பது தாளை உள்ளே இழுக்க வேண்டும், பின்னால் இருப்பது வெளியே தள்ள வேண்டும். கூலர் ஃபேனின் ஒயர் சரியான இடத்தில் செருகியிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

பிறகு ஆன் செய்து சூட்டை எழுதுங்கள். ஆன் செய்தவுடன் எவ்வளவு, கொஞ்சம் பொறுத்து எவ்வளவு, அணைவதற்கு முன் எவ்வளவு என்று. திரையைப் பார்க்கிற ஆளே எழுத வேண்டும். ஒருவர் பார்த்துச் சொல்லி இன்னொருவர் எழுதினால் தப்பு வரும். அந்தத் தாளை அப்படியே உறையில் வைத்து அனுப்புங்கள்.

முக்கியமான விஷயம், கூலரைக் கழட்ட வேண்டாம். சூட்டைக் கூலருக்குக் கடத்த அடியில் வைக்கிற பேஸ்ட் பிடித்துக்கொண்டு ப்ராசஸரும் கூடவே பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். அதன் அடியில் இருக்கிற ஒரு பின் வளைந்தாலும் அவ்வளவுதான், தூக்கி எறிய வேண்டியதுதான்.

கையெழுத்தைப் பற்றி அவளிடம் பேச்செடுக்காதீர்கள். சித்தி வீட்டுக்குப் போகிறேன் என்றால் சரி என்று சொல்லுங்கள். அந்த ஒரு வாரத்தில் ஒரே ஒரு வேளை அவள் எனக்கு எதிரே உட்கார்ந்து சாப்பிட்டால் போதும் என்று எனக்கு இருக்கிறது. இது அவளுக்குத் தெரிய வேண்டாம். உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது?

தைலமெல்லாம் இல்லை. வெயிலில் காலை நீட்டி உட்கார்ந்துகொள்கிறேன்.

பிப்ரவரி 23

அன்புள்ள உனக்கு,

உள்ளே மடித்து வைத்திருக்கும் தாளை முதலில் பார்த்துவிட்டு இதைப் படி.

பார்த்தாயா? சத்தியமாக நான் கெஞ்சவில்லை. உன் கடிதத்தை மேஜை மேல் வைத்துவிட்டு, டிஷ்யூ தாளும் கையுமாகக் கேபினெட்டுக்கு முன்னால் உட்கார்ந்தேன். தாளை ஃபேன் இழுத்துச் சுக்குநூறாக்கி அறை முழுக்கப் பறக்கவிட்டது. அவள் கட்டிலில் படுத்துக்கொண்டு கண்டுகொள்ளாத மாதிரி இருந்தாள். நான் சூட்டைப் படிக்கக் கண்ணாடியைத் தேடினேன். அது என் நெற்றியில் இருந்தது. நாற்பத்தெட்டு என்று நான் எழுதியதை எட்டிப் பார்த்தவள், 'அது எண்பத்துநாலுப்பா' என்று பென்சிலைப் பிடுங்கிக்கொண்டாள். அதற்கப்புறம் எழுதியதெல்லாம் அவள்தான்.

ஃபேன் எல்லாம் சரியான பக்கம்தான் ஊதுகிறது. ஒயரும் சரி. அதைக் கேட்டதற்கு, 'ஒயர்கூடவா தப்பாச் செருகுவேன்' என்று முகம் சுளித்தாள். யார் மேல் கோபம் என்று தெரியவில்லை. உன் மேலாகத்தான் இருக்கும், ஆனால் இது புது மாதிரிக் கோபமாக இருந்தது. வேலை தெரிந்தவளை வேலை தெரியாதவள் மாதிரிக் கேட்டதற்கு வருகிற கோபம்.

கூலர் இன்னும் சில்லென்றுதான் இருக்கிறது. கழட்டவில்லை.

மார்ச் 3

என்னங்க,

தாளைப் பார்த்தேன். ஏழுக்கு நடுவே கோடு போடுகிற பழக்கம் இன்னும் போகவில்லை. சின்ன வயதில் கடையில் உட்கார்ந்து பில் நம்பர் எழுதும்போது, ஒன்றும் ஏழும் குழம்புகிறது என்று நான்தான் கோடு போடச் சொன்னேன். என் மேல் இருக்கிற கோபத்தில் எத்தனையோ மாற்றிக்கொண்டிருப்பாள், இதை மாற்றிக்கொள்ளவில்லை. தாளை எங்கே வைத்திருக்கிறேன் என்று சொல்ல மாட்டேன், வார்டர் அம்மா படிப்பார்.

இப்போது அடுத்தது. கேபினெட் சுவரை ஒட்டி இருந்தால் ஒரு முழம் தள்ளி வையுங்கள். பக்கத் தகட்டைத் திறந்தே வைத்து, வீட்டு டேபிள் ஃபேனை உள்ளே பார்த்துத் திருப்பி வையுங்கள். காலையில் ஒரு முறை, மத்தியானம் வெயில் ஏறினதும் ஒரு முறை, சாயங்காலம் ஒரு முறை சூட்டை எழுத வேண்டும். ஒரு நாள் எழுதினால் போதாது. ஒரு வாரம் எழுதினால்தான் எனக்குப் புரியும்.

பேஸ்ட் எவ்வளவு வைத்தாள் என்று கேளுங்கள். நான் கேட்டேன் என்று சொல்லாமல் கேளுங்கள்.

கூலரில் கை வைக்க வேண்டாம்.

மார்ச் 12

அன்புள்ள உனக்கு,

எனக்கு இப்போது ஒரு உத்தியோகம் கிடைத்திருக்கிறது. காலையில் கடைக்குப் போவதற்கு முன்னால் டேபிள் ஃபேனைத் தூக்கிப் பிடிக்கிற உத்தியோகம். 'கொஞ்சம் சாய்ங்கப்பா, இன்னும் சாய்ங்க, ஃபேன் சாயணும் நீங்க இல்ல' என்று என்னை ஆட்டிவைக்கிறாள். ஒரு வாரமாக நாங்கள் இரண்டு பேரும் ஒரே அறையில் உட்கார்ந்திருக்கிறோம். நீ போன பிறகு இப்படி உட்கார்ந்ததே இல்லை. அவள் அறைக் கதவு சாத்தியே இருக்கும். நான் தட்டிவிட்டுத் தட்டை வாசலில் வைத்துவிட்டு வருவேன்.

வாரம் முழுக்க எழுதிய தாள் உள்ளே இருக்கிறது. டேபிள் ஃபேன் வைத்தும் மூன்று டிகிரிகூடக் குறையவில்லை. கடைசி வரியைப் பார். அது எண் இல்லை. 'பேஸ்ட் பட்டாணி அளவு, நடுவில். திறந்து வைத்தும் அதேதான். அடுத்து என்ன?' என்று எழுதியிருக்கிறாள். பேஸ்ட் பற்றி நான் கேட்கவே இல்லை. உன் கடிதத்தை அவளே எடுத்துப் படித்திருக்க வேண்டும். நான் மேஜை மேல் வைப்பதே அதற்குத்தான்.

'அடுத்து என்ன' என்று கேட்டிருக்கிறாளே, அது உன்னைத்தான். எத்தனை காலத்துக்கப்புறம்.

நெட்டில் நான் தேடிப் பார்த்தேன். நூறு பேர் நூறு விதமாகச் சொல்கிறார்கள். அதில் பாதிப் பேர் கூலரைக் கழட்டிப் பார் என்கிறார்கள். நான் அதைப் படித்துக் காட்டியதும் அவள் என்ன சொன்னாள் தெரியுமா? 'அவங்க ஆயிரம் சொல்லுவாங்க. அம்மா கழட்ட வேண்டாம்னு சொல்லியிருக்காங்கல்ல.' அம்மா என்றாள். இவ்வளவு நாளாக 'அவங்க' தான்.  எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

ஆனால் கொஞ்சம் சீக்கிரம் பதில் போடு. அவளுக்கு இந்த மிஷினில் ஒரு வேலை இருக்கிறது. அதற்கு மேல் சொல்ல எனக்கு அனுமதி இல்லை. நேற்று, 'ஒரே ஒரு தடவை கழட்டிப் பார்க்கலாமா, அம்மாகிட்ட கேட்டு எழுதுங்க' என்றாள். கேட்டுவிட்டேன்.

மார்ச் 20

என்னங்க,

வேண்டாம். கழட்டினால் திரும்பப் பொருத்துவது கஷ்டம். நான் பக்கத்தில் இருந்தால் சரி. அவளாகச் செய்ய வேண்டாம்.

பட்டாணி அளவு நடுவில் வைத்தது ரொம்பச் சரி என்று சொல்லுங்கள். என் கடையில் சம்பளத்துக்கு இருந்தவர்களே ரொட்டிக்கு வெண்ணெய் தடவுகிற மாதிரி அப்புவார்கள்.

அடுத்து, சூட்டை மட்டும் எழுதினால் போதாது. ஃபேன் எத்தனை சுற்று சுற்றுகிறது என்பதும் திரையில் வரும், அதையும் பக்கத்தில் எழுதட்டும். அணைகிற நேரத்தில் என்ன செய்துகொண்டிருந்தாள், எந்த வேலை ஓடிக்கொண்டிருந்தது என்று இரண்டு வரி எழுதட்டும். அதற்கு அதிகமாக எழுதினாலும் நல்லது. எவ்வளவு விவரம் வருகிறதோ அவ்வளவு சுலபமாகக் கண்டுபிடித்துவிடலாம்.

'அடுத்து என்ன' என்று எழுதியதை எத்தனை முறை பார்த்தேன் என்று உங்களுக்குச் சொன்னால் சிரிப்பீர்கள்.

அவள் சாப்பிடுகிறாளா? முடியை வெட்டிக்கொண்டாளா, வளர்க்கிறாளா? ஒரு வார்த்தை எழுதினால் உங்களுக்கு டீ கிடைக்காமல் போய்விடுமா?

ஏப்ரல் 2

உனக்கு,

உன் கடிதம் வந்த அன்றே அவள் கூலரைக் கழட்டிவிட்டாள்.

சொல்லக் கூடாது என்று அவள் சொன்னதை இப்போது சொல்லிவிடுகிறேன். அனிமேஷன் கல்லூரிக்கு விண்ணப்பம் போட்டிருந்தாள். ஒரு நிமிஷம் ஓடுகிற சின்னப் படம் ஒன்று செய்து அனுப்ப வேண்டும். அதற்குத்தான் இந்தக் கம்ப்யூட்டர். படத்தை வரைந்து முடித்துவிட்டாள். அதைக் கம்ப்யூட்டர் ஒவ்வொரு காட்சியாக உருவாக்கிக் கொடுக்க ஐந்து நாள் இரவு பகலாக நிற்காமல் ஓட வேண்டுமாம். இது ஒரு தேநீர் ஆறுகிற நேரம்கூட ஓடவில்லை. ஓடும், அணையும், திரும்ப ஆன் செய்வாள், விட்ட இடத்திலிருந்து ஆரம்பிப்பாள். சிநேகிதியின் லேப்டாப்பில் போட்டுப் பார்த்தாள், அது தாங்கவில்லை. மார்ச் கடைசியோடு கெடு முடிந்துவிட்டது. அவள் அனுப்பவில்லை. இனி அடுத்த வருஷம்தான்.

கெடு முடிவதற்கு மூன்று நாள் முன்னால்தான் உன் கடைசிக் கடிதம் வந்தது. அதைப் படித்துவிட்டு மடித்து வைத்தாள். பிறகு ஸ்க்ரூடிரைவரை எடுத்தாள். நான் 'அம்மா வேண்டாம்னு எழுதியிருக்காளே' என்றேன். 'இருக்கட்டும்பா' என்றாள். சுலபமாகத்தான் வந்தது. ப்ராசஸர் கூடவே வரவில்லை. எந்தப் பின்னும் வளையவில்லை.

கூலரின் அடியில் கண்ணாடி மாதிரி ஒரு பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருந்தது. ஓரத்தில் சிவப்பு எழுத்தில், பொருத்துவதற்கு முன் உரிக்கவும் என்று போட்டிருந்தது. அவ்வளவுதான். அதை உரித்துவிட்டுப் பேஸ்ட் வைத்து மறுபடி பொருத்தினாள். சூடு நாற்பதில் நின்றது. அதற்குப் பிறகு நிற்காமல் ஓட விட்டாள். ஆனால் பாதிக்குக் கொஞ்சம் மேலே போயிருந்தபோது கெடு முடிந்துவிட்டது.

அவள் அழவில்லை. அந்தப் பிளாஸ்டிக் தாளை விரலில் வைத்துக்கொண்டு என்னைக் கேட்டாள். 'கூலர் சில்லுனு இருக்குன்னு அம்மாவுக்கு எழுதினீங்களா?' எழுதினேன் என்றேன். 'எப்ப?' முதல் கடிதத்திலேயே என்றேன். 'அப்ப அன்னிக்கே தெரிஞ்சிருக்கும்பா. கீழ சூடா இருந்து மேல சில்லுனு இருந்தா நடுவுல ஏதோ மறைக்குதுன்னு அர்த்தம். இது எனக்கே இப்பப் புரியுது. அம்மா கடையில எத்தனை மிஷின் கட்டியிருப்பாங்க.' 

நீயே சொல். உனக்குத் தெரியுமா, தெரியாதா? தெரியாது என்று நீ எழுதினால் நான் நம்பிவிடுவேன். நான் அப்படிப்பட்ட ஆள்தான். அதனால் யோசித்து எழுது.

ஏப்ரல் 11

என்னங்க,

தெரியும்.

சில்லென்று இருக்கிறது என்று நீங்கள் எழுதிய வரியைப் படித்தபோதே தெரிந்துவிட்டது. அவள் ஏன் அதை உரிக்கவில்லை என்பதும் தெரியும். சின்னப் பிள்ளையாக இருந்தபோது கடையில் ஒரு கஸ்டமரின் மிஷினில் ஒட்டியிருந்த வாரண்டி ஸ்டிக்கரை உரித்துவிட்டாள். அந்த ஆள் கத்தினான். அவன் முன்னாலேயே இவளை அடித்தேன். ஒட்டியிருக்கிற எதையும் உரிக்கக் கூடாது என்று அன்றைக்குச் சொன்னேன். அதற்கப்புறம் புதுத் தட்டில் ஒட்டியிருக்கிற விலைச் சீட்டைக்கூட உரிக்க மாட்டாளே, உங்களுக்கு ஞாபகமில்லையா? எழுத்தைப் படித்திருப்பாள். படித்தும் கை வந்திருக்காது.

உரித்துவிடு என்று ஒரு வரி எழுதியிருந்தால் ஒரே கடிதத்தில் காரியம் முடிந்திருக்கும். அப்புறம் எனக்கு வருவது உங்கள் கையெழுத்து மட்டும்தான். அவள் எழுதிய எண்கள் ஒரு தாளாவது வரட்டும் என்று நினைத்தேன். ஒன்று வந்ததும் இன்னொன்று வேண்டும் என்று இருந்தது. 'அடுத்து என்ன' என்று அவள் கேட்டதும் எனக்குப் புத்தி கெட்டுவிட்டது. கெடு இருக்கிறது என்று நீங்கள் சொல்லவில்லை. அதை ஒரு சாக்காகச் சொல்ல மாட்டேன். சீக்கிரம் பதில் போடு, அவளுக்கு வேலை இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். எனக்கு அது போதுமாக இருந்திருக்க வேண்டும்.

வார்டர் அம்மா முன்பே கேட்டார். 'என் தம்பியும் இந்த வேலைதான் பார்க்கறான். சூடுன்னா முதல்ல கூலரைத்தான் கழட்டுவான். நீ ஏன் வேண்டாம் வேண்டாம்னு எழுதறே?' நான் சிரித்து மழுப்பினேன். அவர் சிரிக்கவில்லை. உறையை ஒட்டி அனுப்பிவிட்டார்.

அவளிடம் மன்னிப்புக் கேளுங்கள் என்று உங்களைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. என்னால் செய்ய முடிந்தது ஒன்றுதான். பரோல் மனு வேண்டாம் என்று இன்று காலை எழுதிக் கொடுத்துவிட்டேன். நான் வரவில்லை. அவள் சித்தி வீட்டுக்கெல்லாம் போய் அலைய வேண்டாம். அவள் அறையில், அவள் மிஷினோடு நிம்மதியாக இருக்கட்டும். இனிமேல் எதையும் எழுதி அனுப்பச் சொல்ல மாட்டேன்.

ஏப்ரல் 21

உனக்கு,

உன் கடிதத்தைப் படித்ததும் முதலில் கொஞ்சம் இளகித்தான் போனேன். சரி, பிள்ளைக்காக விட்டுக்கொடுத்துவிட்டாள் என்று நினைத்தேன். நான் எப்போதும் இப்படித்தான், நீ எதைச் செய்தாலும் அதற்கு ஒரு நல்ல காரணம் கண்டுபிடித்துவிடுவேன். உன் மகளுக்கு அந்தப் பழக்கம் இல்லை.

நான் உனக்கு எழுதாமல் விட்ட ஒன்று இருக்கிறது. காகிதம் அங்கே வந்து சேரும்போது உனக்கு அது தானாகத் தெரியட்டும் என்று விட்டுவிட்டேன். கெடு முடிந்த மறுநாள் காலையில் ஃப்ரிட்ஜ் மேல் இருந்த காகிதத்தை எடுத்து என் கையில் கொடுத்தாள். கையெழுத்துப் போட்டிருந்தாள். 'சித்தி வீட்டுக்குப் போகல. அவங்க வரட்டும்' என்றாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. இவ்வளவு நடந்த பிறகா என்று கேட்டேன்.

'இவ்வளவு நடந்ததாலதான். எனக்கு ஒண்ணு கேக்கணும்' என்றாள். என்ன என்று கேட்டேன். தட்டைக் கழுவிக்கொண்டே சொன்னாள். முகத்தைக் காட்டவில்லை.

'அன்னிக்கு வேன்ல என்னை எழுப்பி நாய்னு சொன்னாங்கல்ல, அப்ப அவங்களுக்குத் தெரியுமா தெரியாதா? ஜட்ஜ் சொன்னது இருக்கட்டும், அவர் வேன்ல இல்ல. கூலர் விஷயத்துல தெரிஞ்சே பண்ணாங்கன்னு எனக்குப் புரிஞ்சிடுச்சு. அதையும் அப்படித்தான் பண்ணாங்களான்னு கேக்கணும். என்னைப் பார்த்துச் சொல்லணும். எதிர்ல உட்காரட்டும், சாப்பாடுகூடப் போடறேன். ஆனா சொல்லிட்டுத்தான் எழுந்திருக்கணும்.'

நீ ஆசைப்பட்டாயே, ஒரே ஒரு வேளை எதிரே உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்று. அதை நான் அவளிடம் சொல்லவே இல்லை. மேஜை மேல் கிடந்த உன் கடிதத்தில் படித்தாளோ என்னவோ, அவளாகத்தான் சொன்னாள்.

உன் பதிலைப் பார்த்துவிட்டு அனுப்பலாம் என்று காகிதத்தை உறையில் போட்டு வைத்திருந்தேன். அதைத் தபாலில் சேர்ப்பதற்கு முன் உன் கடிதம் வந்துவிட்டது. மனுவைத் திரும்ப வாங்கிவிட்டாய் என்று அவளிடம் சொல்ல வேண்டியிருந்தது. சொன்னேன். அவள் மிஷினுக்கு முன்னால் உட்கார்ந்து ஏதோ வரைந்துகொண்டிருந்தாள். திரும்பாமலே கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு சொன்னாள், 'மறுபடியும் நிறுத்தாமப் போயிட்டாங்கப்பா.'

நான் கடைக்குப் போய்விட்டேன். யாருக்கு என்ன மருந்து கொடுத்தேன் என்று அன்றைக்கு ஒவ்வொன்றையும் இரண்டு தடவை சரிபார்க்க வேண்டியிருந்தது.

 முடியை வளர்க்கிறாளா என்று கேட்டிருந்தாய். வளர்க்கிறாள். தூக்கிக் கட்டிக்கொண்டால் பின்னாலிருந்து பார்க்க உன்னை மாதிரியே இருக்கிறாள். இதை அவளிடம் சொல்லிவிட்டு நான் உயிரோடு இருக்க முடியாது, அதனால் உன்னிடம் சொல்கிறேன்.

ஏப்ரல் 29

என்னங்க,

கடிதத்தைப் படித்ததும் ஆபீசுக்குப் போனேன். என் மனுவை மறுபடி எடுத்துக்கொள்ளுங்கள் என்று கேட்டேன். முடியாது என்றார்கள். நான் விட்ட இடத்தை என் பக்கத்துப் படுக்கைக்காரிக்குக் கொடுத்துவிட்டார்கள். அவள் நேற்றிலிருந்து புடவையை மடித்து மடித்து வைத்துக்கொண்டிருக்கிறாள். அவளுக்கும் வீட்டில் ஒரு மகன் இருக்கிறான். அவளிடம் போய் நான் என்ன கேட்பது? இனி என் முறை அடுத்த வருஷம்தான் வரும்.

வார்டர் அம்மா, 'எழுதிக் கொடுக்கறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை வீட்டுல கேட்டிருக்கலாம்ல' என்றார். யாரையும் கேட்காமல் நல்லது செய்கிறேன் என்று கிளம்புவதுதான் என் வழக்கம் என்று நான் சொல்லவில்லை. நீங்கள் எழுதியதைப் படித்த பிறகு அவருக்கே தெரிந்திருக்கும்.

பாப்பா கேட்கிற கேள்விக்கு எனக்குப் பதில் தெரியும். ஒரு வார்த்தை போதும். இந்தத் தாளில் எழுதிவிட்டால் நீங்கள் அதை மேஜை மேல் வைப்பீர்கள், அவள் படித்துக்கொள்வாள். அவள் முகம் எப்படி ஆகிறது என்று நான் பார்க்க வேண்டியதில்லை. எனக்கு அது ரொம்பச் சுலபம். அதனால்தான் எழுதவில்லை. அடுத்த வருஷம் வந்து அவள் எதிரே உட்கார்ந்து சொல்வேன். கேட்டுவிட்டு அவள் எழுந்து போய்விட்டால் அதையும் உட்கார்ந்து பார்க்கிறேன்.

அதற்கு அவள் கையெழுத்து மறுபடியும் வேண்டும். இந்தத் தடவை நீங்கள் கேட்க வேண்டாம், நானே கேட்டிருக்கிறேன். இதோடு இன்னொரு உறை வரும், அவளுக்கு. இத்தனை நாளில் அவளுக்கென்று நான் எழுதிய முதல் கடிதம். இரண்டே வரி. கையெழுத்து வேண்டும், வந்து பதில் சொல்ல வேண்டியிருக்கிறது என்று மட்டும் எழுதியிருக்கிறேன். மேஜை மேல் வைக்காமல் அவள் கையில் கொடுங்கள். படிக்காமல் கிழித்துப் போட்டால் கிழித்துப் போடட்டும். நான் மறுபடியும் எழுதுவேன்.